மணியடிக்க மாட்டேன் என்ற ஞானம்மா அக்கா

பட்டுக்கூட்டு மூட்டை ஏற்றிவரும் லாரி அன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டது. டிரைவர் மூட்டையை இறக்கிக்கொண்டே, "உங்க பழைய ஞானம்மா தவறிட்டாங்க, கிருஷ்ணகிரியில. தம்பி ஊட்டுல கெடத்தியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார். நான் கொப்பரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெந்நீரிலிருந்து நூல் என் விரல் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சக்கரம் சுற்றும் பெண்ணுக்கு அவர் சொன்னது காதில் விழவில்லை. அவள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். "நில்லுடி" என்று வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் எங்கள் கொட்டகையில் இப்போது யாரும் கத்தக் கூடாது. காலால் மணியைத் தட்ட வேண்டும். தட்டினேன். எந்தக் கொப்பரை மணி என்று தெரியாமல் பக்கத்துச் சக்கரங்கள் நின்றன. என் சக்கரம் நிற்கவில்லை. அக்கா செத்துப்போன சேதிக்கு ஒரு சத்தம்கூடப் போட முடியாமல் நூலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் உட்காரும்போது அவளைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவளுடைய தம்பி என்னைக் கேட்டார். எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக்கொண்டு வந்து படிக்கிறேன். ஓசூரிலிருந்து கொட்டகைக்காரர்கள் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். அடக்கத்தன்று பேசியவர்கள், ஞானம்மா சாது, யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் சாது இல்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லாத ஆள் இந்தக் கூட்டத்தில் யார் இருக்கிறீர்கள்? அப்படிச் சொன்னதற்காகத்தானே அவள் வேலை போயிற்று. உயிரோடு இருந்தபோது அவள் வாயை மூடச் சொன்னோம். செத்த பிறகு நாமே மூடிவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைக்கிறோம்.

பட்டு நூல் எடுக்கும் வேலை தெரியாத சொந்தக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். கொதிக்கிற கொப்பரையில் கூடுகள் மிதக்கும். ஒருத்தி அதற்கு முன்னால் உட்கார்ந்து கூட்டிலிருந்து இழை பிடித்துச் சேர்த்துக் கொடுப்பாள். இன்னொருத்தி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பெரிய சக்கரத்தைச் சுற்றுவாள். இழை கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. நடுவில் ஆவி வேறு. நூல் அறுந்தால் கொப்பரைக்காரிக்குத்தான் தெரியும். அவள் சொன்ன அந்த நொடியே சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அறுந்த நுனி சக்கரத்தில் சுற்றிச் சேர்ந்த சிட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் அதைத் தேடி எடுப்பதற்குள் பாதி நூல் பாழாகிவிடும். அதனால் கொப்பரைக்காரி கத்துவாள். ஒருத்தி நில்லு என்பாள், தெலுங்குக்காரி ஆகு என்பாள். வயதில் மூத்தவளா, எந்த வீட்டுக்காரி என்றெல்லாம் பார்த்து, "கொஞ்சம் நிறுத்துறீங்களாக்கா" என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

நான் முதன்முதல் சக்கரம் சுற்றியது ஞானம்மா அக்காவுக்குத்தான். முதல் நாளே, "நில்லுடி, கையி என்னா தூங்குதா?" என்று கத்தினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மத்தியானம் சக்கரமெல்லாம் நின்று சாப்பாட்டுக்கு எழுந்தபோது அவளே ஒரு சொம்புத் தண்ணீரோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"கைய நீட்டு மே."

"என்னாத்துக்கு?"

"உன்னத் திட்டினேன் இல்ல? ஊத்தறேன், கழுவிக்க. அப்பறம் சாப்பிடு."

அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த யோசனை வருவதற்குள் தண்ணீர் என் கையில் விழுந்துவிட்டது. எங்கள் கொட்டகையில் அதுதான் வழக்கம். சக்கரம் ஓடும்போது யார் யாரைக் கத்தினாளோ அவள், சக்கரம் நின்றதும் மற்றவளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதோடு அந்த வார்த்தை முடிந்தது. அதை மறுபடி பேசக் கூடாது. இந்த வழக்கத்தை அக்காதான் கொண்டுவந்தாள் என்று சொல்ல மாட்டேன், நான் வருவதற்கு முன்பே இருந்தது. ஆனால் ஒரு நாள்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

எதை வேண்டுமானாலும் கத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று அவள் விட்டுவிடவும் இல்லை. வேப்பனப்பள்ளி முனியம்மா நல்ல தமாஷ்காரி. அவளுக்கு வாய் ஓடினால் நிற்காது. ஒரு நாள் அவளுக்கு நான் சுற்றினேன். உடம்பு சரியில்லை, கை மெதுவாக ஓடியது. "புள்ள பெத்திருந்தா இடுப்புல தெம்பு இருக்கும். இது எங்க சுத்தப் போவுது" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். நான் பிள்ளை இல்லாதவள், அது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக் கொப்பரையிலிருந்து அக்கா கையை எடுத்துவிட்டாள். தன் நூல் அறுந்து போனதைக்கூட அவள் பார்க்கவில்லை.

"முனியம்மா, அவ கை மெதுவுன்னா மெதுவுன்னு சொல்லு. நூறு வாட்டி சொல்லு. அவ வயித்துக்கும் உன் நூலுக்கும் என்னா?"

"சும்மா சிரிக்கச் சொன்னேன்க்கா."

"சிரிக்கறவ அவ இல்லியே."

மத்தியானம் முனியம்மா சொம்போடு என்னிடம் வந்தாள். அக்கா குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள். "இதுக்குத் தண்ணி கெடையாது. கையச் சொன்னா தண்ணியில போவும். ஆளச் சொன்னா போவாது. நீ வேற எதனா வழி பாரு" என்றாள். முனியம்மா அன்றைக்கு முழுக்க என்னென்னவோ செய்து பார்த்தாள். சாயங்காலம் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதிகள்.

பார்வதம்மா வந்தபோது இந்த வழக்கமே நின்றுவிடும் போலிருந்தது. நிலபுலத்தோடு இருந்த வீட்டு மருமகள். புருஷன் போய், பங்காளிகள் வெளியே அனுப்பி, வேறு வழி இல்லாமல் சக்கரம் சுற்ற வந்தார். அவரை அக்காவின் கொப்பரைக்குப் போட்டார்கள். அவர் வந்த அன்றே நூல் அறுந்தது. "நில்லுடி" என்று அக்கா கத்தினாள். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. மத்தியானம் அக்கா சொம்போடு போய் நின்றாள். பார்வதம்மா கையை மடியில் வைத்துக்கொண்டார். திட்டியதைவிட அந்தத் தண்ணீர்தான் அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அந்தக் கையால் ஊற்றிய தண்ணீரை அவர் எப்படி வாங்குவார்?

அக்கா நகரவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க அப்படியே நின்றாள். அவளும் சாப்பிடவில்லை. பார்வதம்மாவும் தன் சோற்றுப் போசியைத் திறக்கவில்லை. "விடு அக்கா, பெரிய ஊட்டுக்காரங்க" என்று நான் போய் இழுத்தேன். "நான் சொன்னத நான்தானே கழுவணும். அவங்க பெரிய ஊடுன்னா நான் சொன்னது சின்னதா ஆயிடுமா?" என்றாள். மறுநாளும் நின்றாள். அதற்கடுத்த நாளும் நின்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, பட்டினி கிடந்து என்ன சாதிக்கப் போகிறாள் என்று. கடைசியில் பார்வதம்மாதான், "உங்க ஞானம்மா என்னை சாப்புட உடமாட்டேங்கறாளே" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த ஜோடி எடுத்த நூலைப் போல எங்கள் கொட்டகையில் யாரும் எடுக்கவில்லை. அதை மேஸ்திரியே பல தடவை சொல்லியிருக்கிறார்.

மேஸ்திரியைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். முன்பிருந்தவர் வாயைத் திறந்தால் காது கூசும். இவர் சேலம் பக்கத்திலிருந்து வந்தார். வந்த அன்றே, "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றார். "என்னைய ஒரு ஆம்பள நீங்கன்னது இதான் மொதத் தடவ. வேற யாரையோ கூப்புடறாருன்னு திரும்பிப் பாத்தேன்" என்று முனியம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்களுக்கு அவர்மேல் மரியாதை வந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அவர் யாரையும் தொட்டுப் பேசியதில்லை, கெட்ட பார்வை பார்த்ததில்லை.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து வியாபாரிகள் நூல் பார்க்க வந்தார்கள். நாங்கள் வழக்கம்போல நில்லுடி, சுத்துடி என்று கத்திக்கொண்டிருந்தோம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர், இது பட்டுக் கொட்டகையா மாட்டுச் சந்தையா என்று கன்னடத்தில் கேட்டார். எங்களுக்கும் கன்னடம் புரியும். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்களுக்காகத்தான் சுருங்கியது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். மறுநாள் எங்களை நிற்கவைத்து, "இனிமே யாரும் யாரையும் டி போடக் கூடாது. கத்தக் கூடாது. நீங்களே உங்களுக்கு மரியாதை குடுக்கலன்னா வெளியாளு எப்படிக் குடுப்பான்?" என்றார். சரியாகத்தான் பட்டது. பலருக்குச் சந்தோஷம்கூட.

மத்தூர் சந்தையிலிருந்து ஒரு கூடை மணி வாங்கிவந்தார். மாட்டுக் கழுத்தில் கட்டுகிற மணி. ஒவ்வொரு கொப்பரைக்குக் கீழும் ஒன்று கட்டினார். நூல் அறுந்தால் காலால் தட்ட வேண்டும், சுற்றுகிறவள் நிறுத்த வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. அவர் நினைப்பில் அது பெரிய மரியாதை. முனியம்மா மணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் புண்ணாக்கு வெப்பாங்களா மேஸ்திரி?" என்று கேட்டாள். அவரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"'டி'ன்னு கூப்புட்டா நான் மனுஷி. மணியடிச்சுக் கூப்புட்டா மாடு. எனக்கு மனுஷியா இருக்கறதே போதும் மேஸ்திரி" என்றாள்.

"பழகிடும்மா" என்றார் அவர்.

பழகவில்லை. எல்லா மணியும் ஒரே சத்தம். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் நின்றது. அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். வேறொன்று நடந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. கத்துவது நின்றதும் தண்ணீர் ஊற்றுவதும் நின்றுபோயிற்று. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லையே, எதற்கு ஊற்றுவது? ஆனால் சொல்வதற்கு இருந்தது எங்கே போகும்? கிணற்றடிக்குப் போயிற்று. முன்பு நேருக்கு நேராக, உன் கை தூங்குது என்றவள், இப்போது ஆள் இல்லாத இடத்தில், அவ ராத்திரி எங்க போய்ட்டு வந்தாளோ என்றாள். கொட்டகைக்குள் வாங்க போங்க. கிணற்றடியில் காது கொடுத்துக் கேட்க முடியாத பேச்சு. பார்வதம்மாவைப் பற்றி, என்னைப் பற்றி, அக்காவைப் பற்றி. யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் சொன்னாங்க என்பார்கள். இதை மேஸ்திரியிடம் யாராவது சொல்லுங்கள் என்றேன். யாரும் வரவில்லை. நானே போய்ச் சொன்னேன். "பொம்பளைங்கன்னா அப்படித்தான் பேசிக்குவாங்க, நீங்க கண்டுக்காதீங்கம்மா" என்றார்.

அக்கா மட்டும் மணியைத் தட்டவில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, நில்லு, நில்லு என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு நாள் பார்வதம்மாவை எழுந்திருக்கச் சொன்னார். "நானே சுத்தறேன். நீங்க மணி அடிங்க. வேல நடக்குதா இல்லையான்னு பாத்துடலாம்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு சக்கரத்தில் உட்கார்ந்தார். அக்காவும் சரி என்று காலை மணிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் பார்த்தேன், வைத்தாள். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. மேஸ்திரிக்குச் சுற்றிப் பழக்கமில்லை, வேகம் கூடிவிட்டது. நூல் தெறித்தது. அக்காவின் இரண்டு கையும் வெந்நீரில் இருந்தன. காலுக்கு முன்னால் வாய் வந்துவிட்டது.

"நில்லுடா."

சக்கரம் அப்படியே நின்றது. அறுந்த நுனி அக்காவின் கண்ணுக்கு நேரே தொங்கியது. முனியம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்ததும் அதுவும் அடங்கிவிட்டது.

அக்கா நூலை முடிந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"கைய நீட்டுங்க மேஸ்திரி."

"என்னம்மா இது?"

"தப்பாச் சொல்லிட்டேன். ஊத்தறேன்."

"அதெல்லாம் வேணாம். எல்லார் முன்னாலயும் மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

"வாயில வந்தத வாயால தொடச்சா அது சுலுவு மேஸ்திரி. நாளைக்கி மறுபடியும் வரும். கைய நீட்டுங்க."

"ஐயா, கைய நீட்டிடுங்க" என்றேன் நான். "நீங்க உங்க கொப்பரையப் பாருங்கம்மா" என்றார். பார்வதம்மா எழுந்து வந்தார். "நானே நீட்டினேனே மேஸ்திரி. எனக்கு என்னா கொறஞ்சு போச்சு?" என்று கேட்டார். அவர் சக்கரத்தை விட்டு எழுந்தார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் சாதி பார்த்து மறுத்தாரா, மேஸ்திரி என்கிற அதிகாரத்தைப் பார்த்து மறுத்தாரா, எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அக்கா சொம்போடு வாசல் வரைக்கும் போனாள். சாயங்காலம் கணக்குப்பிள்ளை வந்து, "ஞானம்மா, நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொன்னாரு" என்றார். சொன்னவர் வரவில்லை.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள் என்றேன். "எது தப்புன்னு சொல்லச் சொல்ற? சக்கரத்த நிறுத்தினதா?" என்றாள். டா போட்டது என்றேன். "அதுக்குத்தானே தண்ணி கொண்டுபோனேன்" என்றாள். நான் என்ன சொன்னாலும் அங்கேயே வந்து நின்றாள். உனக்கு வீம்பு என்று கத்தினேன். "கத்து, நல்லாக் கத்து. என் ஊட்டுலயாவது மணி இல்ல" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். எனக்கு இறங்கவில்லை.

அதற்கப்புறம் கிருஷ்ணகிரிக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டாள். மண்டியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை. அந்தத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இருமல் பிடித்துக்கொண்டது. போகும்போதெல்லாம் பார்த்தேன், மெலிந்துகொண்டே வந்தாள். "இங்க எல்லாம் சும்மா ஒக்காந்து கொட்ட எடுக்கறாங்க மே. திட்டறதுக்கு ஒரு சாக்கு கெடையாது" என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, அவள் தம்பி வந்து முதுகைத் தடவுவார். எனக்கு அவள்மேலும் கோபம்தான். இன்றைக்கும் இருக்கிறது. இவ்வளவு பிடிவாதம் எதற்கு, உடம்பை விட்டு என்ன கண்டாள் என்று. அவளை விட்டுக் கொடுத்த கொட்டகைமேலும் கோபம். இரண்டு கோபத்தையும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் அழுவது என்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவளுடைய சேலை ஒன்றையும் ஜெபமாலையையும் தம்பி எனக்குக் கொடுத்தார். நான் வாங்கவில்லை, அவர் மகளுக்கே இருக்கட்டும் என்றேன். நான் வைத்துக்கொண்டது வேறு. அவளுக்குப் பயமே கிடையாது என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். மேஸ்திரி முன்னால் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் கை நடுங்கிற்று. தண்ணீர் தளும்பி அவள் கால்மேல் விழுந்தது. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். அவ்வளவு பயத்தோடும் நின்றாள். அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது இந்தக் காகிதத்தைப் பிடித்திருக்கும் என் கையும் அப்படித்தான் இருக்கிறது.

மேஸ்திரி, நீங்கள் வருவதாகச் சொன்னார்கள். வந்திருக்கிறீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இதைப் பேச எனக்கு இஷ்டமில்லை, அதனால் உங்கள் முகத்தைப் பார்த்துப் படிக்கிறேன். நீங்கள் எங்களுக்கு மரியாதை கொடுத்தீர்கள். சொம்புத் தண்ணீராக நாங்கள் கொடுத்த மரியாதையை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அது தவறு. திங்கட்கிழமை நான் வேலைக்கு வருவேன். என் சக்கரத்தை வாயால்தான் நிறுத்துவேன். அது கூடாது, நான் வரவேண்டாம் என்றால், கணக்குப்பிள்ளையை அனுப்பாதீர்கள். நீங்களே என் எதிரில் வந்து சொல்லுங்கள்.